அம்பாசமுத்திரத்தின் சயோக்கா

செய்தி வந்தபோது நான் பாளையங்கோட்டையில் ஒரு கண் மருத்துவமனையில், சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். கைப்பையில் போன் அடித்தது. யாரென்று பார்க்க முடியாததால் பக்கத்தில் நின்ற நர்ஸ் பிள்ளையிடம் எடுத்துக் கொடுத்தேன். "மீனான்னு போட்டிருக்கும்மா" என்று அவளே காதில் வைத்தாள். "மைமூன் சித்தி, அம்மா போயிட்டாங்க. காலைல காப்பி குடிச்சிட்டு நாற்காலியில சாஞ்சாங்க, அவ்வளவுதான்" என்றாள் மீனா, சயோக்காவின் மகள். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. "அழாதியம்மா, மருந்து வெளிய வந்துரும்" என்று நர்ஸ் பிள்ளை சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. மருந்து வெளியே வந்துவிட்டது. அந்தக் கண்ணோடுதான் பஸ் ஏறினேன். சேரன்மகாதேவி தாண்டியபின் வயலும் வாய்க்காலும் ஒரே பச்சைக் கலங்கலாக வந்துகொண்டிருந்தன.

சயோக்காவை அறிந்தவர்களுக்கு அவர் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் ஆங்கிலம் எடுத்த ஜப்பான்காரம்மா. நான் அதே பள்ளியில் தமிழாசிரியை, அவருக்கு அடுத்த வீட்டுக்காரி. அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெளுத்த நூல் சேலையும் ரப்பர் செருப்புமாகக் காய்கறிக் கடையில் உங்கள் பக்கத்தில் நின்று கத்தரிக்காய் பொறுக்கிய அந்த அம்மா, ஜப்பான் அரச குடும்பத்தில் பிறந்தவர்.

அவர் பெயர் சயோகோ. பள்ளியில் சேர்ந்த முதல் நாள், பெருக்குகிற சண்முகத்தாயிடம் தன் பெயரைச் சொல்லியிருக்கிறார். அவள் காதில் அது 'சயோக்கா' என்று விழுந்தது. அன்றைக்கே பள்ளி முழுவதும் சயோக்கா ஆகிவிட்டார். 'அக்கா' என்று நாங்கள் சேர்த்துக்கொண்டது மரியாதைக்காக என்று அவருக்குப் பிறகுதான் விளங்கியது. அது பற்றி ஒருமுறை என்னிடம் சொன்னார்: "எங்க ஊர்ல என் பேருக்குப் பின்னால பெரிய பட்டம் ஒண்ணு இருந்துச்சு மைமூன். அத எடுத்துட்டாங்க. இங்கன வந்த பிறகு நீங்க ஒண்ணு குடுத்துட்டிய. இதுதான் கூப்பிட நல்லா இருக்கு."

தமிழை அவர் மாமியாரிடமும் கடைத்தெருவிலும் கற்றார். ஆகவே பேச்சு முழுக்க எங்கள் ஊர்ப் பேச்சுத்தான், 'அங்கன', 'இங்கன', 'பைய' எல்லாம் வரும். லகரம் மட்டும் கடைசிவரை வரவில்லை, ரகரமாகிவிடும். பலசரக்குக் கடையில் போய், "அவர் இருக்கா?" என்று கேட்டாராம். "அண்ணாச்சியா? சாப்பிடப் போயிருக்காக" என்றான் கடைப்பையன். "அரைக்கிலோ போதும்" என்றாராம் இவர். அவலைக் கட்டித் தரும்போதுகூட அந்தப் பையனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. இதை அவரே எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வார்.

அவருடைய பிறப்பு பற்றி எங்களுக்குத் தெரிந்தது என் வீட்டில், ஒரு பெருநாள் பகலில். சாப்பாடு முடிந்து பெண்களெல்லாம் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். என் மாமி யாரையும் குலம் கோத்திரம் கேட்காமல் விடமாட்டார்கள். "ஒங்க வாப்பாவுக்கு என்ன தொழிலும்மா?" என்றார்கள். சயோக்கா கொஞ்சம் யோசித்தார். "எங்க தாத்தா இளவரசர். அப்பாவுக்கு முதல்ல தொழில் கிடையாது. பிறகு சோப்பு வியாபாரம் பண்ணினாங்க. ஓடல" என்றார். "இளவரசுன்னு பேரா?" என்றார்கள் மாமி. "பேரு இல்ல. ராஜா வீட்டு ஆளு." அவருக்குத் தமிழ் தப்பிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மாமிதான், "சரி, இன்னும் ஒரு வா பிரியாணி வச்சுக்கோம்மா" என்று பேச்சை மாற்றினார்கள்.

சில நாள் கழித்து நானே கேட்டேன். பள்ளி விட்டு இருவரும் நடந்து வந்துகொண்டிருந்தோம். அவர் சொன்னதை இன்றைக்கும் வார்த்தை மாறாமல் சொல்வேன்.

"சின்னப் பிள்ளையில, கதவு தானா தொறக்கும்னு நெனச்சிருந்தேன் மைமூன். நான் நடந்து போனா தொறக்கும். ரெண்டு பக்கமும் ஆள் உக்காந்து தொறந்துவிடுவாங்க. நான் கதவைத்தான் பாப்பேன், ஆளைப் பாத்ததில்ல. போர் முடிஞ்சு சில வருசத்துல, ராஜா வீட்டுக் கிளைக் குடும்பத்துக்கெல்லாம் இனிமே பட்டம் கிடையாதுன்னு சட்டம் வந்துச்சு. எனக்கு ஒம்பது வயசு. ஆளுக ஒவ்வொருத்தரா போயிட்டாங்க. ஒருநாள் காலைல கதவு முன்னால போய் நின்னேன். தொறக்கல. ரொம்ப நேரம் நின்னேன். பிறகு பைய கையை வச்சுத் தள்ளினேன். அதுதான் நான் செஞ்ச முதல் வேலை."

"அழுதியளாக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல. திரும்பத் திரும்ப மூடி மூடித் தொறந்தேன். எங்க அக்கா வந்து திட்டினாங்க."

தாயும் தந்தையும் இருந்தும் அந்த வீட்டில் அவர்களைப் பார்க்க நேரம் குறித்திருந்தார்களாம். நல்ல உடை உடுத்தி, அழைத்துப் போய், வணங்கிவிட்டு, திரும்ப அழைத்து வந்துவிடுவார்கள். அம்மாவின் மடியில் உட்கார்ந்த நினைவே தனக்கு இல்லை என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. மழை பெய்யாத ஊரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

பட்டம் போய், பெரிய வீடும் போனபின் அவர் படித்து, தோக்கியோவில் ஒரு தொழில்நுட்ப நிலையத்தில் தட்டச்சு வேலைக்குப் போனார். அங்கே பயிற்சிக்கு வந்தவர் எங்கள் ஊர் சிவசைலம் சார், மின்வாரிய இன்ஜினீயர். அந்த அலுவலகத்தில் எல்லோரும் சயோக்காவின் குடும்பம் தெரிந்து எட்டி நின்றே பேசுவார்களாம். "இவுக மட்டும்தான் தெனமும் சாப்பிட்டியளான்னு கேட்டாக. எதுக்கு இதைப் போய்க் கேக்காகன்னு எனக்கு முதல்ல புரியல" என்பார். சார் பக்கத்தில் இருந்தால், "இல்லைன்னு சொன்னா என்ன செய்யதுன்னு எனக்கும் புரியாமத்தான் இருந்துச்சு" என்பார்.

கல்யாணம் முடித்துப் பாபநாசம் குடியிருப்புக்கு வந்தார்கள். சாரின் அம்மா கோமதி ஆச்சி வெகுநாள் மருமகளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மீனா பிறந்தபோது மட்டும் போகாமல் இருக்க முடியவில்லை. பிள்ளை பெற்றவளைக் குளிப்பாட்ட வேறு ஆள் இல்லை. அண்டாவில் பச்சிலை போட்டு வேதுத் தண்ணீர் காய வைத்து, எண்ணெய் தேய்த்து, முதுகில் ஓங்கி ஓங்கி ஊற்றியிருக்கிறார் ஆச்சி. மருமகள் தேம்பி அழுதாளாம். "தண்ணி ரொம்ப சுடுதாட்டின்னு கேட்டேன். இல்லைன்னு தலைய ஆட்டுதா. பிறகும் அழுதா. எனக்கு ஒண்ணும் ஓடல. பேசாம ஊத்திக்கிட்டே இருந்தேன்" என்று ஆச்சி என்னிடம் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு ஆச்சி அங்கேயே தங்கிவிட்டார். அம்பாசமுத்திரத்தில் சார் வீடு கட்டியபோது, ஆச்சியும் கூட வந்தார்.

சயோக்காவைச் சாதுவென்று நினைத்தவர்கள் உண்டு. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் தலைமையாசிரியை ஒருமுறை, சீருடை கிழிந்திருந்தது என்று ஒரு பிள்ளையைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் எல்லோர் முன்னும் நிறுத்திவிட்டார். சயோக்கா போய் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் தானும் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு அந்தக் கல்வியாண்டு முழுவதும் தலைமையாசிரியையிடமும் பேசவில்லை. தினமும் காலையில் அவர் முன்னால் இடுப்பை வளைத்து முறையாக ஒரு வணக்கம் மட்டும் செய்வார். "பேசச் சொல்லு மைமூன், அந்த வணக்கம் என்னால தாங்க முடியல" என்று அந்த அம்மா என்னிடம் தூது விட்டார். நான் போய்ச் சொன்னதற்கு, "அந்தப் பிள்ளகிட்டப் பேசச் சொல்லு" என்றார்.

சிவசைலம் சார் மாரடைப்பில் போனபோது மீனா பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதியில் சேர்ந்திருந்த நேரம். சில மாதங்களில், ஜப்பானிலிருந்து சயோக்காவின் மூத்த சகோதரி வந்தார். அன்றைக்குச் சமையல் என் பொறுப்பு. வந்தவர் அந்த வெயிலில் கழுத்துவரை மூடிய உடுப்போடு, நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். அக்காளும் தங்கையும் பேசிய விதத்தைப் பார்த்தால் அன்றைக்குத்தான் அறிமுகமானவர்கள் என்று தோன்றும். ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு தலைகுனிவு. அவர் திருநெல்வேலி ஓட்டலுக்குத் திரும்பியபின் சயோக்கா அடுப்படியில் வந்து நின்றார்.

"எங்க அம்மா படுக்கையில இருக்காங்களாம். என்னைக் கேக்காங்களாம். இத்தன வருசத்துல கேட்டதே இல்ல."

"போகணும்லாக்கா?"

"போகணும். அத்தைகிட்டக் கேக்கணும்."

ஆச்சியிடம் கேட்டபோது சாரின் தம்பி ராமலிங்கம் அண்ணாச்சியும் இருந்தார். அவர் கெட்டவர் இல்லை, மனதில் பட்டதைச் சொன்னார். "அரமனைக்குப் போறவங்க இங்கன எதுக்கும்மா திரும்பி வரப்போறாங்க? அண்ணனும் இல்ல." ஆச்சி அவரைப் பார்க்கவேயில்லை. மருமகளைப் பார்த்து, "பெத்தவ படுக்கையில கெடக்குதா. போயிட்டு வா" என்றார்.

பஸ் ஏற்றிவிடப் போனபோது சயோக்கா என்னிடம் கேட்டார். "அத்தை 'போ'ன்னு சொல்லல, கேட்டியா? 'போயிட்டு வா'ன்னு சொன்னாங்க." நாங்கள் எல்லோரும் எல்லோருக்கும் சொல்வதுதான் அது. அவர் அதை ஒரு கட்டளையாக எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

போனவர் இரண்டு வருடத்துக்கு மேல் வரவில்லை. அந்த வருடங்களில் மீனா பட்டதைச் சொல்லாமல் இந்த அஞ்சலியை எழுத முடியாது. விடுமுறைக்கு வந்தால் ஆச்சி பக்கத்தில் சுருண்டு படுத்துக்கொள்வாள். "அப்பா செத்துப் போனாங்க. அம்மா சாகாமலே போயிட்டாங்க" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். ராமலிங்கம் அண்ணாச்சி வீட்டை விற்க ஆள் பிடித்துக்கொண்டு வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களை ஆச்சி வாசலிலேயே நிறுத்தினார். "வீட்டுக்காரி ஊருக்குப் போயிருக்கா. வந்த பிறகு அவகிட்டக் கேளுங்க" என்றார். அண்ணாச்சி, "எம்மா, வெவரம் புரியாமப் பேசாதிய" என்று கத்திவிட்டுப் போனார். அவர்கள் எல்லோரும் போனபின் ஆச்சி எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தார். "ஏளா மைமூனு, அவ வருவாளாட்டி?" என்றார். வருவார் என்று சொன்னேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம், திருநெல்வேலி பஸ்ஸிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு இறங்கி, நனைந்துகொண்டே தெருவில் நடந்து வந்தார். எந்தத் தகவலும் இல்லை. நான் குடையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆச்சி வாசலில் நின்றிருந்தார். கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. "வந்துட்டியா. கால கழுவிட்டு வா, சோறு வடிச்சிருக்கேன்" என்றார். சயோக்கா காலைக் கழுவிவிட்டு உள்ளே போனார்.

அங்கே நடந்ததை வெகுநாள் கழித்துத்தான் சொன்னார். அக்காள் வீட்டில் தாய்க்கு நர்ஸ்கள் இருந்தார்கள். அவர்கள் துணி நனைத்துத் துடைத்துவிடுவதோடு சரி. ஒருநாள் இவர், நானே குளிப்பாட்டுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

"அம்மா முதுகை அன்னைக்குத்தான் முதல்ல பாத்தேன் மைமூன். ரொம்பச் சின்ன முதுகு. அத்தை எனக்குத் தேச்ச மாதிரியே தேச்சேன், அதே மாதிரி தண்ணி ஊத்தினேன். கொஞ்ச நாள் கழிச்சு அம்மா, 'இப்படிக் குளிப்பாட்ட எங்க படிச்ச'ன்னு கேட்டாங்க. இந்தியாவுல, எங்க மாமியார்கிட்டன்னு சொன்னேன்."

"என்ன சொன்னாக?"

"'அந்தம்மாவை இப்ப யார் குளிப்பாட்டுதா?'ன்னு கேட்டாங்க."

அதைச் சொல்லிவிட்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டே இருந்தார். தாயின் சடங்குகள் முடிந்ததும், தங்கிவிடு என்று அக்காள் ஒரு வீடே ஒதுக்கித் தந்தாராம். இவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

மீனா அந்தத் தீபாவளிக்கு வீட்டுக்கு வரவில்லை. சயோக்கா ஞாயிறுதோறும் பாளையங்கோட்டை விடுதிக்குப் போய், பார்வையாளர் அறையில் உட்கார்ந்திருப்பார். மகள் வெளியே வரமாட்டாள். சாயங்காலம் பஸ் பிடித்துத் திரும்புவார். நான் ஒருமுறை கூடப் போனேன். "கூப்பிட்டுச் சமாதானம் சொல்லுங்களேன்க்கா" என்றேன். "என்ன சமாதானம்? விட்டுட்டுப் போனது நெசந்தானே" என்றார். மாதங்கள் போயின. ஒரு ஞாயிறு மீனா வந்து எதிரில் உட்கார்ந்து, "என்னை ஏம்மா கூட்டிட்டுப் போகல?" என்று கேட்டாள். "நீ இங்க இருந்தா நான் திரும்பி வருவேன்னு எனக்குத் தெரியும். அங்க போன பிறகு என்னை எனக்குத் தெரியாது" என்றாராம் சயோக்கா. அது போதுமான பதிலா என்று மீனாவுக்கு இன்றைக்கும் தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் ஊருக்கு வந்தார்கள்.

ஆச்சி அதன் பிறகு பல வருடம் இருந்தார். கடைசிக் காலத்தில் நடக்க முடியாமல் போனபின் தினமும் குளிப்பாட்டி, தலைவாரி, திருநீறு பூசிவிட்டது மருமகள்தான். ராமலிங்கம் அண்ணாச்சி பார்த்துவிட்டுப் போகும்போது, "நான் அன்னைக்குப் பேசினத மனசுல வச்சுக்காதிய மதினி" என்றார். "எதை?" என்று கேட்டார் சயோக்கா. அவருக்கு அது உண்மையிலேயே மறந்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது.

ஊரில் விஷயம் பரவி, ஒரு பத்திரிகைக்கார இளைஞர் கேமராவோடு வந்தார். அரண்மனை, பட்டம் என்று கேட்டுக்கொண்டே போனார். "நான் பொறந்தது என்ன செய்தி தம்பி? எல்லாரும்தான் பொறந்திருக்காங்க" என்று சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் அவரைப் படுக்க வைத்திருந்தார்கள். பத்தமடைப் பாய் ஒன்றை மீனா விரித்திருந்தாள். பழைய மாணவிகள், பேரன் பேத்தி எடுத்தவர்கள், வந்துகொண்டே இருந்தார்கள். சண்முகத்தாயின் மகள் வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டாள். பிற்பகலில் ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்குக் கிளம்பினார்கள். எங்கள் தெருவில் பெண்கள் வாசலுக்கு மேல் போவதில்லை. வண்டி நகர்ந்ததும் மற்றவர்கள் வீடு கழுவ உள்ளே போய்விட்டார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

இது நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. தன் வீட்டுக்கு வந்தவர் யாரானாலும், கீரைக்காரியானாலும் கலெக்டரானாலும், கிளம்பும்போது சயோக்கா தெருவுக்கு வந்து நிற்பார். அவர்கள் கண்ணுக்கு மறையும்வரை உள்ளே போகமாட்டார். போகிறவர்கள் பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒருமுறை, "அவுக பாக்கவே இல்லையேக்கா, யாருக்காக நிக்கிய?" என்றேன். "பாத்தா, ஆள் இருக்கணும்லா" என்றார்.

என் வீட்டிலும் இப்போது அப்படித்தான். பேத்தி கல்லூரிக்குப் போனாலும், கேஸ் சிலிண்டர் போடுகிற தம்பி போனாலும் வாசலில் நிற்பேன். "அவங்க போயி எம்புட்டு நேரமாச்சு மாமி, உள்ள வாங்க" என்பாள் என் மருமகள்.

அன்றைக்கும் வண்டி முனை திரும்பி, சங்குச் சத்தமும் அடங்கிவிட்டது. தெரு காலியாகிவிட்டது. மீனா வந்து என் பக்கத்தில் நின்றாள். நான் உள்ளே போகலாம் என்று சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.